புழக்கடையில் இன்னும் பொழுதிருக்கிறது

வேங்கிக்கால்,
ஞாயிறு.

மதிப்பிற்குரிய மச்சான் சுதர்சன் அவர்களுக்கு ஸ்ரீபால் எழுதுவது. ஜெய் ஜினேந்திரா. இங்கு நானும் உங்கள் தங்கை குசுமாவதியும் நலம். அங்கு வந்தவாசியில் எல்லோரும் நலமாகவும் கோபமாகவும் இருப்பீர்கள் என்று தெரியும். என் போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். அதனால்தான் பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு முதல் முறையாகப் பேனாவைத் திறந்திருக்கிறேன். உங்கள் மகள் ஸ்வேதாவின் நிச்சயதார்த்தத்துக்குச் சொந்த அத்தையும் மாமாவும் வரவில்லையென்றால் யாருக்குத்தான் எரியாது? ஆனால் முதல் தடவை போனை எடுத்தபோது "சாப்ட்டுத் தூங்கிட்டீங்க மாப்ள, ஒத்துக்கோங்க" என்றீர்களே, அது மட்டும் அபாண்டம். சாப்பிட்டது உண்மை. தூங்கவில்லை.

எல்லாம் தரையில் பதிக்கும் பேவர் கல்லால் வந்த வினை. நம் சமண விரதப்படி பொழுது சாய்ந்தபின் உங்கள் தங்கை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். பக்கத்து மனையில் மூன்று மாடி எழும்பியதிலிருந்து எங்கள் வீட்டுக்குள் நாலு மணிக்கே இருட்டு, பாவம், அவசர அவசரமாக விழுங்குகிறாள். புழக்கடையில் பேவர் போட்டு, நாற்காலி போட்டு, சாயங்கால வெயிலில் நிதானமாகச் சாப்பிடலாம் என்று யோசனை சொன்னது அடியேன்தான். கோபி என்ற மேஸ்திரி வந்து மண்ணைக் கொத்தப் போனால் எறும்புப் புற்று. ஒரு எறும்பு செத்தாலும் வேலையே வேண்டாம் என்று குசுமாவதி சொல்லிவிட்டு, அவற்றை இடம்பெயர்க்க மதிலோரம் சர்க்கரை தூவினாள். எறும்புகள் சர்க்கரையைத் தின்றுவிட்டு, சொந்தபந்தங்களையும் கூட்டிக்கொண்டு பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தன. ஒருநாள் காலையில் பார்த்தால் அத்தனையும் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு மதிலேறிப் போகின்றன. கோபிக்குச் சந்தோஷம். மழைகூட இல்லையே, இதுகள் எதைக் கண்டு ஓடுகின்றன என்று எனக்கு மட்டும் ஒரு மாதிரியாக இருந்தது.

ஜல்லி கொட்டி, மணல் பரப்பி, கல் அடுக்கி முடித்துவிட்டு, கோபி வீட்டுக்குள் போய்க் கைகால் கழுவித் திரும்பினார். "சார், உள்ள இருட்டிப்போச்சு. தெருவுலயும் இருட்டு. இங்க மட்டும் எப்படி சார் வெயில் அடிக்குது?" என்றார். "தெருவிளக்கு வெளிச்சம்பா" என்றேன். "தெருவிளக்குக்கு ஏது சார் சூடு?" என்றவர் தரைமட்டம் பார்க்கும் ரசமட்டத்தைக்கூட எடுக்காமல் போய்விட்டார். அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள், விடியற்காலை பஸ்ஸுக்குப் பெட்டியெல்லாம் கட்டிவைத்துவிட்டு அங்கே சாப்பிட உட்கார்ந்தோம். சப்பாத்தி, அவரைக்காய்க் கூட்டு. சூரியன் எதிரே தெரியும் மலையின் தோளில் நின்றது. நின்றது என்றால் நின்றதுதான் மச்சான், இறங்கவே இல்லை. காக்கைச் சத்தம் இல்லை, வண்டிச் சத்தம் இல்லை. கூட்டு கடைசிவரை ஆறவில்லை. "இன்னும் பொழுது இருக்குங்க, ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கறேன்" என்று அவளும் குடித்தாள். எழுந்து வீட்டுக்குள் கால் வைத்தால் கும்மிருட்டு. வாசலில் பால் பாக்கெட்டுகள் உப்பிக் கிடக்கின்றன, பேப்பர்கள் குவிந்து கிடக்கின்றன. போனில் நீங்கள் அனுப்பிய நிச்சயதார்த்தப் படம். அதில் எங்களுக்காகப் போட்டிருந்த இரண்டு காலி நாற்காலிகள். அதைப் பார்த்துவிட்டு அவள் அழுதாள். நானும் அழுதேன். அழுது முடித்துக் கேட்டாள்: "ஏங்க, நான் தண்ணி குடிச்சது பகல்லயா, ராத்திரியிலயா?" இதற்கு யாரிடம் போய் விளக்கம் கேட்பது?

போகட்டும். நாளைக்கே ஆள் வைத்து அத்தனை கல்லையும் பெயர்த்துவிடுகிறேன். அடுத்த மாதம் கல்யாணத்துக்கு முதல் ஆளாக நாங்கள் வந்து நிற்போம். அதற்கும் வராவிட்டால் நீங்கள் எங்கள் வாசலை மிதிக்கவே வேண்டாம். உங்கள் வீட்டு அக்காவுக்கு வணக்கம். கல்யாணப் பெண்ணுக்கு எங்கள் இருவரின் ஆசிகள். அவள் குடும்பம் தழைக்கட்டும், எந்த உயிரும் அவளால் நோகாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
தூங்காத மாப்பிள்ளை
ஸ்ரீபால்

பி.கு.: உள்ளே கரண்ட் இல்லை. கடைசியாக ஒரே ஒரு வேளை என்று உங்கள் தங்கை தட்டுகளைப் புழக்கடைக்கே கொண்டுபோய்விட்டாள். அவளைக் கூப்பிடப் போனவன், கடிதத்தோடு நானும் உட்கார்ந்துவிட்டேன். முதல் வாய்கூட இன்னும் விழுங்கவில்லை, பின்கேட்டைத் தள்ளிக்கொண்டு நீங்களே வந்து நிற்கிறீர்கள். தபால் செலவு மிச்சம். ஆனால் உங்கள் தலை எப்போது இப்படி வெளுத்தது? பக்கத்தில் ஸ்வேதா, கழுத்தில் தாலி, இடுப்பில் ஒரு பெண் குழந்தை. எங்களை நேராகப் பார்த்துக்கொண்டே, "இந்த வருஷமும் யாரும் இல்லப்பா, வாங்க போலாம்" என்கிறாள். உங்கள் தங்கை என்னைக் கேட்கிறாள்: "யாருங்க அந்தக் குழந்தை? நம்ம ஸ்வேதா ஜாடையா இருக்கே?" போய்விடாதீர்கள் மச்சான். கை கழுவிவிட்டு இதோ வந்துவிடுகிறோம்.