புளியங்குளத்தில் இறங்கிய சிறுநீரகம்

ஸ்கான் அறையில் இருந்தவர்கள்: இளம் பெண் டொக்டர் ஒருவர். பக்கத்தில் ஒரு தாதி. கதிரையில் என் மனுசி தவமணி. சுவரோடு சாய்ந்தபடி அவளுடைய தம்பி ரவி, எனக்கு மச்சான். கட்டிலில் சட்டையைத் தூக்கிப் பிடித்தபடி நான். என் வலது சிறுநீரகம்.

இடது வரவில்லை.

ரவிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. ஒவ்வொரு கிழமையும் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்தம் செய்துகொண்டு வருவான். யாராவது ஒன்று கொடுத்தால் பிழைப்பான். கொடுக்காவிட்டால் எவ்வளவு காலம் என்று டொக்டர்மார் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

மாமி வீட்டில் கூடியிருந்து கதைத்தோம். கதைத்தோம் என்றால், எல்லாரும் நிலத்தைப் பார்த்தார்கள். நான் எழும்பினேன். "நான் குடுக்கிறன். எனக்கு ரெண்டு கிடக்கு" என்றேன். (கிடக்கிறதா என்று பார்த்துவிட்டா சொல்வார்கள்?) இரத்த வகையும் பொருந்தியது. அலுவல் முடிந்தது என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு ஊரில் நான் பெரிய ஆள். பிள்ளையார் கோயிலில் அர்ச்சனை செய்தார்கள். நோயாளியின் பெயருக்கு அல்ல, என் பெயருக்கு. ஒருவர் முட்டை கொண்டுவந்தார். இன்னொருவர் ஊர்க்கோழி தந்தார். சூப்பு வைத்துக் குடித்தேன். கொடுக்கிற சாமானைத் திறமாகக் கொடுக்க வேண்டும் அல்லவா. மோட்டார்சைக்கிளில் போகும்போது இடுப்பைச் சால்வையால் இறுக்கிக் கட்டினேன். குலுங்கக் கூடாது. எங்கள் வாய்க்கால் பாதையில் போனவர்களுக்கு அது விளங்கும்.

அறுவடை வந்தது. நெல் மூட்டை தூக்குவதை நிறுத்தினேன். தவமணி தூக்கினாள். நான் வரம்பில் நின்று, இடது பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டு, எப்படித் தூக்குவது என்று சொல்லிக்கொடுத்தேன். (இடதைத்தான் கொடுப்பது என்று நானே முடிவெடுத்திருந்தேன். வலது கைக்காரன். வலது எனக்கு வேண்டும்.)

பிறகுதான் ஸ்கான். டொக்டர் இடது பக்கம் பசையைப் பூசிக் கருவியை உருட்டினார். திரும்பவும் உருட்டினார். தாதியைப் பார்த்தார்.

"ஐயா, முந்தி ஏதும் ஒப்பரேசன் செய்தனீங்களோ?"

காய்ச்சலுக்குக்கூடப் படுத்ததில்லை என்றேன்.

அவர் விளக்கினார். தாய் வயிற்றில் கருவாக இருக்கும்போது சிறுநீரகம் இடுப்புக்குக் கீழேதான் உண்டாகத் தொடங்குமாம். பிறகு மெல்ல மேலே ஏறி முதுகுப் பக்கம் வந்து தங்குமாம். சிலருக்கு ஏறுகிற வழியில் நின்றுவிடும். ஆகவே கீழேயும் தேட வேண்டும், சாரத்தை இறக்குங்கோ என்றார். இறக்கினேன். இன்னும் என்றார். தாதி யன்னலைப் பார்த்தாள்.

ரவிதான் வாயைத் திறந்தான்.

"அக்கா, அத்தான்ர கிட்னி கிளிநொச்சிக்கெண்டு பஸ் ஏறி, பாதி வழியில புளியங்குளத்தில இறங்கிட்டுது போல."

தன் உயிர் போகிற விசயத்தில் அவன் கதைத்த கதை. டொக்டர் சிரிப்பை அடக்கியதில் கருவி என் வயிற்றில் ஆடியது.

கீழேயும் இல்லை. டொக்டர் கையைத் துடைத்துவிட்டு மிச்சத்தையும் சொன்னார். கருவில் ஒரு குழாய் இருக்கிறது. அதிலிருந்து ஒரு முளை வெடித்துப் பக்கத்துச் சதைக்குள் போனால்தான் சிறுநீரகம் உருவாகும். எனக்கு இடது பக்கம் முளை வெடிக்கவில்லை. முளைக்காத விதையை நான் எவ்வளவோ பார்த்திருக்கிறேன். உடனே விளங்கியது. அடுத்தது விளங்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. ஆண் பிள்ளைக்கு விந்து போகிற குழாயும் அதே குழாயிலிருந்துதான் வருகிறதாம். ஒன்று சரிவராவிட்டால் சிலருக்கு மற்றதும் இல்லாமல் போகுமாம்.

"ஐயாவுக்குப் பிள்ளையள் இருக்கினமோ?"

தவமணி கதிரையில் நிமிர்ந்தாள்.

"நாலு பேர், டொக்டர். நாலும் தேப்பனை உரிச்சு வைச்சதுகள்."

ஒரு பக்கம் இருந்தாலே போதும் என்றார் டொக்டர். (இதை நான் பிறகு பல பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.)

வெளியே சுவரோரம் போட்டிருந்த நீள வாங்கில் இருந்தோம். நான் சொன்ன சொல் மாறுகிறவன் இல்லை. சொல் இருந்தது. சாமான்தான் இல்லை. ரவி இப்போது சிரிக்கவில்லை. தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பரவாயில்லை அத்தான்" என்றான்.

தவமணி அவன் பக்கம் திரும்பினாள்.

"நான் குடுக்கிறன்."

நான் அவளைப் பார்த்தேன்.

"அண்டைக்கே சொல்ல வாயெடுத்தனான். நீங்கள் முந்தி எழும்பிட்டியள்."

அவளுக்கு எல்லாம் பொருந்தியது. இரண்டும் இருந்தன. கொடுத்தாள். ரவி இப்போது வயல் செய்கிறான்.

ஊரில் சிலர் நான் பயந்து பின்வாங்கியதாகச் சொன்னார்கள். ஸ்கான் படத்தைச் சட்டைப் பையில் கொண்டுதிரிந்து காட்டினேன். கோழி தந்தவர் படத்தைப் பார்த்தார். பிறகு கோழியைப் பற்றிக் கேட்டார். மூட்டை இப்போது நான் தூக்குகிறேன். தவமணி வரம்பில் நின்று, இடது பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டு, எப்படித் தூக்குவது என்று சொல்லித்தருகிறாள்.

வீட்டில் யார் பிந்தி வந்தாலும் புளியங்குளத்தில் இறங்கிவிட்டார் என்கிறார்கள். என் பேரப்பிள்ளைக்கும் அது தெரியும்.

புதியதை வைக்கும்போது பழையதை வெளியே எடுப்பதில்லையாம். ரவியின் பழுதான இரண்டும் உள்ளேயே கிடக்கின்றன. அதனால் விருந்துக்கு ஆட்கள் கூடினால் அவன் எழும்பிக் கணக்குச் சொல்வான். அத்தானுக்கு ஒன்று. அக்காவுக்கு ஒன்று. தனக்கு மூன்று.

மொத்தம் ஐந்து.