பதில் வந்துகொண்டே இருக்கிறது

நேரத்தை மிச்சம் பிடிப்பவர்கள் என்று ஓர் இனம் இருக்கிறது. அவர்களைக் கண்டுபிடிக்க நீங்கள் அலைய வேண்டியதில்லை. எவ்வளவு நேரம் மிச்சம் பிடித்தோம் என்பதை அவர்களே உங்களைப் பிடித்து நிறுத்தி அரை மணி நேரம் விளக்குவார்கள். இந்த இனத்திலேயே உயர்ந்த ரகம், சிறு கடை வைத்திருக்கும் மிச்சக்காரர். சிட்னிக்கு வெகு மேற்கே கிடக்கும் எங்கள் ஊரான ப்ரோக்கன் ஹில்லில் எங்களுக்கு வாய்த்தவர் டரில் பாஸ்கோ.

டரில் பாஸ்டி சுடுபவர். மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் திணித்து, மடித்து, ஓரத்தை முறுக்கிச் சுடுகிற அந்தப் பண்டத்தில் அவருக்கு நல்ல கைமணம். போன வருஷம் வரை கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. அப்புறம்தான் 'பிஸியான கடைக்காரர்களுக்கு சோஷியல் மீடியா' என்ற அரை நாள் வகுப்புக்குப் போனார். போனவர் பாஸ்டிக்காரர். திரும்பி வந்தவர் நிபுணர்.

வகுப்பில் என்ன சொல்லிக்கொடுத்தார்களோ, டரில் கற்றுக்கொண்டு வந்தது இது: மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அடுத்த மாதத்துப் பதிவுகள் முப்பதையும் ஒரே மூச்சில் எழுதி, நாளும் நேரமும் குறித்துப் போனுக்குள் போட்டுவிட வேண்டும், வருகிற செய்திகளை வியாழக்கிழமை இரண்டு மணியிலிருந்து இரண்டே கால் வரைக்கும்தான் பார்க்க வேண்டும், மற்ற நேரத்தில் யார் என்ன கேட்டாலும் 'உங்கள் அன்புக்கு நன்றி, விரைவில் பதில் வரும்' என்று போனே சொல்லிக்கொள்ளும், பதில் எழுதினாலும் உடனே அனுப்பிவிடாமல், ஜனங்கள் போனைக் கையில் எடுக்கும் நல்ல நேரம் பார்த்து அனுப்ப வேண்டும். எங்கள் ஊரில் கல்யாணத்துக்குக்கூட யாரும் இப்படி நேரம் பார்த்ததில்லை.

பலன் என்ன? நாற்பத்திரண்டு டிகிரி வெயிலில் ஊரே வெந்துகொண்டிருந்த அன்றைக்கு, 'இந்தக் குளிருக்கு இதமாக ஒரு சூடான பாஸ்டி' என்று அவர் கடையின் இணையப் பக்கத்தில் பதிவு வந்தது. பாஸ்டிக்குள் சட்டைப் பொத்தான் கிடந்தது என்று ஒருவர் எழுதினார். அவர் அன்புக்கு நன்றி போனது. அவர் பொத்தானைப் படம் பிடித்து அனுப்பினார். அந்த அன்புக்கும் நன்றி. டரிலோ, வாரத்துக்கு ஆறு மணி நேரம் மிச்சம் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அதைச் சொல்லி முடிக்க அவருக்கு வாரத்துக்கு ஏழு மணி நேரம் ஆனது.

இப்படி இருக்கையில், ஒரு புதன்கிழமை, கால்பந்து கிளப்பின் செயலாளர் மாவிஸ் ட்ரெலோர் கடைக்கு வந்தார். சீசன் முழுக்க, பதினெட்டு சனிக்கிழமையும், மைதானத்துக் கேன்டீனுக்குப் பாஸ்டி போட ஆள் வேண்டும். டரிலின் அப்பா மூன்று முறை கேட்டும் கிடைக்காத ஆர்டர் அது. டரிலின் மனைவி நோலீன் அதற்காகவே இரண்டாவது அடுப்பை விற்காமல் வைத்திருந்தார்.

"ஏப்பா டரில், கேன்டீன நீ எடுத்துக்கிறியா?" என்றார் மாவிஸ்.

"பக்கத்துல ஒரு மெசேஜ் போட்டுடுங்கக்கா."

"எந்தப் பக்கத்துல? உன் பக்கத்துலதான நிக்கிறேன்."

"கடையோட பக்கத்துல. போன்ல. எல்லாம் முறைப்படி வந்தாத்தான் எனக்கு நேரம் மிச்சம்."

மாவிஸ் அங்கேயே நின்று, ஒவ்வோர் எழுத்தாகக் குத்தி, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கமிட்டி கூடுகிறது, அதற்குள் பதில் வேண்டும் என்று செய்தி அனுப்பினார். டரிலின் ஏப்ரன் பையில் மணி அடித்தது. மாவிஸின் போனில் நன்றி வந்தது.

வியாழன் இரண்டு மணிக்கு டரில் அதைப் படித்துவிட்டு, யாரும் பார்க்காதபோது ஒரு குதி குதித்தார். 'சம்மதம்' என்று எழுதினார். கமிட்டி உட்காரும்போது சுடச்சுடக் கையில் கிடைக்கட்டும் என்று நாலு ஐம்பத்தைந்தைத் தேர்ந்தெடுத்தார். அங்கேதான் ஊர்ப்புத்தி குறுக்கே வந்தது. எங்கள் கடிகாரம் சிட்னியைவிட அரை மணி பின்னால் ஓடும். மாநிலம் ஒன்றுதான், நேரம் வேறு. டிவி நிகழ்ச்சியோ அரசாங்க ஆபீஸோ, எதற்கும் அரை மணியைக் கூட்டிக் கழித்தே வளர்ந்தவர்கள் நாங்கள். போன் எப்படியும் சிட்னிக் கணக்குத்தான் போடும், நம்மை யார் மதிக்கிறார்கள் என்று, டரில் அரை மணியைக் கூட்டி ஐந்து இருபத்தைந்து என்று போட்டார். அதே சூட்டில், பதினெட்டு சனிக்கிழமைக்கும் பதினெட்டு விளம்பரப் பதிவுகளையும் எழுதிப் போட்டுவிட்டுத்தான் எழுந்தார்.

வெள்ளிக்கிழமை மதியம் நோலீன் முதியோர் இல்லத்துக்குக் கேக் கொடுக்கப் போயிருந்த நேரம், மாவிஸ் மறுபடி வந்தார்.

"என்னப்பா, பதிலே காணோம்?"

"வந்துக்கிட்டே இருக்குக்கா."

"எங்கேருந்து வருது?"

"என் போன்லேருந்து."

"போன் எங்க இருக்கு?"

"இதோ, ஏப்ரன்ல."

"ஏப்ரன்லேருந்து இங்க வர்றதுக்கு சாயந்திரம் ஆகுமா? ஆமாவா இல்லையா, தலையையாவது ஆட்டித் தொலையேன்."

"வாயால சொன்னா வெறும் பேச்சுக்கா. எழுத்துல வந்தாத்தான் பதில். அஞ்சுக்குள்ள வந்துடும்."

"வரலேன்னா ரீட்டாகிட்ட போயிடுவேன், சொல்லிட்டேன்."

டரில் புன்னகை செய்தார். எதிர்ச்சாரியில் பாஸ்டி விற்கும் ரீட்டா ஸம்மிட்டின் கடைக்குப் பக்கம் கிடையாது. கதவு மட்டும் உண்டு.

ஐந்து மணிக்குக் கமிட்டி கூடியது. மாவிஸ் நல்ல மனசுக்காரர், பத்து நிமிஷம் கூடுதலாகவே பொறுத்துப் பார்த்தார். பிறகு ரீட்டாவைக் கூப்பிட்டார். ரீட்டா "சரி" என்றார். அதற்கு ஒரு விநாடி பிடித்தது. ஐந்து இருபத்தைந்துக்கு டரிலின் சம்மதம் வந்து சேர்ந்தது. எங்கள் ஊர் நேரம் அந்தப் போனுக்கு முதலிலிருந்தே தெரிந்திருந்தது. அரை மணியை அது ஏற்கெனவே கழித்துவிட்டிருந்தது.

"அந்தம்மா உன் முன்னாடி நின்னு கேட்டாங்களாமே," என்றார் நோலீன். "'சரி'ன்னு சொல்ல விடாம உன் வாயில என்னய்யா, பாஸ்டியா இருந்துச்சு?" கோபமாக ஆரம்பித்தவருக்குப் பாதியிலேயே அழுகை வந்துவிட்டது. டரிலுக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே.

மறுநாள் சீசனின் முதல் சனிக்கிழமை. காலை பத்து மணிக்கு, குறித்த நேரம் தவறாமல், டரிலின் முதல் பதிவு வெளியானது: 'ஊரிலேயே தலைசிறந்த பாஸ்டி இன்று மைதானக் கேன்டீனில். தவறவிடாதீர்கள்.' ஊர் தவறவிடவில்லை. பாதி ஆட்டத்திலேயே கேன்டீன் காலி. சாயந்திரம் ரீட்டாவே தெருவைத் தாண்டி நன்றி சொல்ல வந்தார்.

"உன் புண்ணியத்துல ஒண்ணுகூட மிச்சமில்லப்பா டரில். அடுத்த வாரமும் போடுவியா?"

"இன்னும் பதினேழு இருக்கு," என்றார் நோலீன், முகத்தைத் திருப்பிக்கொண்டு. "அழிச்சுத் தொலைன்னா, அழிக்கிறதுக்குக் கடைசி ஞாயித்துக்கிழமையாம்."

டரில் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பழக்கதோஷம், "உங்கள் அன்புக்கு நன்றி," என்று வந்தது. "விரைவில் பதில் வரும்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்க ஆரம்பித்தபோது வீட்டில் யாரோ பக்கத்தில் வந்து உங்களை ஒன்று கேட்டார்களே, நீங்களும் தலையைத் தூக்காமல் "இதோ, ஒரு நிமிஷம்" என்றீர்களே. அவர் இன்னும் அங்கேயேதான் நிற்கிறார். அந்தப் பதிலை எத்தனை மணிக்குப் போட்டிருக்கிறீர்கள்?