கணேசமூர்த்தி மானிட்டர் வாங்குகிறார்

ஆராய்ந்து வாங்குபவர் என்றொரு இனம் உண்டு. இவரை எல்லாக் கடைகளிலும் பார்க்கலாம். வாங்கிய பொருளோடு மட்டும் பார்க்க முடியாது. விலை கேட்பார், தட்டிப் பார்ப்பார், போனில் படம் எடுப்பார், அட்டைப்பெட்டியின் அடியிலுள்ள பொடி எழுத்தையும் குனிந்து படிப்பார், கடைக்காரர் பில் புத்தகத்தைத் திறந்ததும் "வீட்ல கேட்டுட்டு வரேன் லா" என்று நடையைக் கட்டிவிடுவார். வீட்டில் கேட்பாரா? மாட்டார்.

பெடாஸ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தாவாக, இருக்கும் கணேசமூர்த்தி இந்த இனத்தில் முதல் தரம்.

அவர் மனைவி வள்ளிநாயகி, வீட்டிலேயே கம்ப்யூட்டரில் கல்யாண அட்டைகள் வடிவமைத்துக் கொடுப்பவர். ஒருநாள் மானிட்டரின் வலப்பக்கம் கால்வாசி கறுத்துப்போனது.

"முந்நூறு வெள்ளிக்குள்ள ஏதாச்சும் ஒன்னு வாங்கிட்டு வாங்க" என்றார்.

"எங்கிட்ட விடு. உன்னைய ஏமாத்திருவானுங்க."

விட்டார். அதுதான் தப்பு.

முதல் வாரம் யூடியூபில் போனது. பேனல் எனப்படும் திரையில் எத்தனை வகை, படம் ஒரு நொடிக்கு எத்தனை தடவை புதுப்பிக்கப்படுகிறது, நீல வெளிச்சம் கண்ணை என்ன செய்யும் என்று கணேசமூர்த்தி சாப்பாட்டுத் தட்டின் முன் விளக்கினார். இரண்டாம் வாரம் சிரம்பானில் கடை கடையாக ஏறினார். லோபாக் வட்டாரத்தில் பார்த்தது நல்ல கலர், ஆனால் விலை அதிகம். தெமியாங் வட்டாரத்தில் பார்த்தது விலை குறைவு, ஆனால் அதைத் தாங்கும் கால் உயராது. இன்னொன்றில் எல்லாம் சரி, ஆனால் எல்லாம் சரியாக இருந்ததே அவருக்குச் சந்தேகமாக இருந்தது. மூன்றாம் வாரம் வாங்கியே விடுவார் என்ற நிலையில், அடுத்த மாதம் ஆன்லைனில் மலிவு விற்பனை என்று தெரியவந்தது. இதற்கு மேல் யாராவது அவசரப்படுவார்களா?

வள்ளிநாயகி அட்டைகளை இடப்பக்கம் இழுத்து இழுத்து வேலை பார்த்தார். லோரி ஓட்டும் மாயாண்டி, மகள் ஷாமினியின் கல்யாணத்துக்கு இருநூறு அட்டை கேட்டிருந்தார். வேறொருவருக்குச் செய்த பழைய மாலை நேர வரவேற்பு அட்டை ஒன்றின் மேலேயே புது விவரங்களை அடித்தார் வள்ளிநாயகி. நேரம் போட்டிருந்த இடம் கறுப்புக்குள் கிடந்தது. அதை இழுத்துப் பார்க்க மறந்துவிட்டார்.

அச்சான அட்டையோடு மாயாண்டி வாசலில் வந்து நின்றார். கோபப்படவில்லை. அதுதான் வள்ளிநாயகிக்குத் தாங்கவில்லை.

"ஏம்மா, முகூர்த்தம் காலையில ஒம்பது மணிக்கு. இதுல மாலைன்னு கெடக்கு. நாப்பது வீட்டுக்குக் குடுத்துட்டேன்."

நாற்பது வீட்டுக்கும் வள்ளிநாயகியே போன் போட்டார். ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டார். சிலர் சிரித்தார்கள். புது அட்டைகளைத் தன் செலவில் அடித்துத் தருவதாகச் சொன்னார்.

கணேசமூர்த்தி ஆறுதல் சொன்னார். "இதுக்குத்தான் நல்ல பேனலா தேடிக்கிட்டு இருக்கேன்."

மறுநாள் காலை வள்ளிநாயகி சிரம்பானுக்கு பஸ் ஏறினார். தெமியாங்கில் பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கும் கடையில் ஒன்றைக் காட்டி, "முழுசா தெரியுமா?" என்று கேட்டார். "தெரியும்க்கா" என்று கடைக்காரர் போட்டுக் காட்டினார். பத்தே நிமிடம். மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்து, அட்டையைத் திருத்தி அச்சுக்கு அனுப்பிவிட்டுத்தான் மதியம் சாப்பிட்டார்.

சாயங்காலம் வந்த கணேசமூர்த்தி மானிட்டரை முன்னாலும் பின்னாலும் பார்த்தார்.

"என்ன பேனல்னு கேட்டியா?"

"கேக்கல."

"எத்தனை ஹெர்ட்ஸ்?"

"காலைன்னு போட்டா காலைன்னு தெரியுது. போதும் லா."

அவர் முகம் தொங்கிவிட்டது. கல்யாணத்தன்று, சரியாகக் காலையில், மண்டபம் நிறைந்திருந்தபோதுகூட ஓரமாகத்தான் உட்கார்ந்திருந்தார். அப்போது பக்கத்து நாற்காலி புவனேஸ்வரன், வீட்டில் வாஷிங் மெஷின் நின்றுவிட்டது, எதை வாங்கலாம் என்று கேட்டார். கணேசமூர்த்தி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அவசரப்படாதீங்க. நான் பாத்துச் சொல்றேன்."

புவனேஸ்வரன் வீட்டில் இன்னும் துணியைக் கையால்தான் துவைக்கிறார்களாம்.

சிரிக்கிறீர்கள், சரி. வள்ளிநாயகி வாங்கிய மானிட்டர் எந்தப் பிராண்டு, எத்தனை இஞ்சு, என்ன விலை என்று நான் சொல்லவே இல்லை. அதைக் கேட்கத்தானே இப்போது வாயெடுத்தீர்கள்?