கீரைக்கு நமக்கு ஒரு ஆள் இருக்கிறார்

எல்லா ஊரிலும் ஓர் இனம் உண்டு. பல்வலி என்று நீங்கள் வாயைத் திறந்தால் போதும், "அங்க நமக்கு ஒரு ஆளு இருக்கு" என்பார்கள். பாஸ்போர்ட்டுக்கு ஆள், பஞ்சருக்கு ஆள், பரங்கிக்காய்க்கும் ஆள். அந்த ஆளுக்கு இவர்களைத் தெரியுமா? அதையெல்லாம் கேட்கப்படாது.

இந்த இனத்தை நான் வெகு அருகிலிருந்து கவனித்திருக்கிறேன். தினமும் காலையில், முகம் மழிக்கும்போது.

போன செப்டம்பரில் முதல் சனிக்கிழமை. தென்னாப்பிரிக்க நாள்காட்டியில் வசந்தம் வந்துவிட்டது. ஜோஹன்னஸ்பர்க் குளிருக்கு அதை யாரும் சொல்லவில்லை. நான் கட்டிக்கொள்ளப்போகும் ஸினெலேயின் பெரியப்பா, பையன் எப்படி என்று பார்க்க எர்மெலோவிலிருந்து வந்திருந்தார். சரி என்பதும் வேண்டாம் என்பதும் அவர் வாயில்தான் இருந்தது. நான் என்ன செய்திருக்க வேண்டும்? வீட்டில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்திருக்க வேண்டும். சந்தைக்கு அழைத்துப் போனேன்.

"கீரைக்கு இங்க ஒரு அம்மா இருக்காங்க பெரியப்பா. என்னைப் பாத்தா விடவே மாட்டாங்க. பெத்த பிள்ளை மாதிரி."

"அப்படியா?" என்றார்.

அந்த அம்மா கம்பளியைப் போர்த்திக்கொண்டு கரியடுப்பில் குளிர் காய்ந்துகொண்டிருந்தார்.

"என்னம்மா, நாந்தான்!"

"நாந்தான்னா?"

குல்லாய் மறைக்கிறது போலும். கழற்றினேன். "இப்போ?"

"தெரியலியேப்பா."

கழுத்துத் துணியை அவிழ்த்தேன். காற்று காதைக் கடித்தது. அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துத் தலையை ஆட்டினார். கோட்டையும் கழற்றினேன்.

பக்கத்துக் கடைக்காரி பதறினாள். "போதும்ப்பா, சட்டையோட நிறுத்திக்க! குழந்தைகுட்டி வர்ற எடம்!"

அப்போதுதான் கீரைக்கார அம்மாவின் முகம் மலர்ந்தது. "அட, நீயா! அவகாடோவை ஒண்ணு விடாம அமுக்கிப் பாத்துட்டு வாங்காமப் போவியே, அவந்தானே?"

"சொன்னேன்ல பெரியப்பா, தெரியும்னு!" என்றேன், பல் தந்தியடிக்க.

பெரியப்பா முன்னால் வந்தார். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த அம்மாவுக்கு வணக்கம் சொன்னார். பேர் கேட்டார். நோக்வாஸி. ஊர் கேட்டார், முழங்கால் வலி கேட்டார், மழை எப்போது வரும் என்று இருவரும் வானத்தைப் பார்த்தார்கள். ஐந்தே நிமிடம். அவர் பையில் ஒரு கட்டுக் கீரை கூடுதலாக விழுந்தது. என் பையில் விழுந்தது வாடிய கட்டு. "கோட்டைப் போடு, ஜன்னி கண்டுரும்" என்ற அறிவுரை மட்டும் இலவசம்.

வீடு திரும்பும் வேனில் வழியெல்லாம் பெரியப்பா ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். கல்யாணம் கீரைக்கடையிலேயே கவிழ்ந்தது என்று நான் முடிவு கட்டிவிட்டேன். வீட்டில் ஸினெலே, "ஆள் எப்படி, பெரியப்பா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"பொய் சொல்றான்" என்றார் அவர்.

அவள் முகம் செத்துப்போயிற்று.

"ஆனா ரெண்டு நிமிஷம்கூடத் தாங்கல, தானே மாட்டிக்கிறான். இவன்கிட்ட நீ ஒருநாளும் ஏமாற மாட்டே. கட்டிக்கோ."

நல்லது, சிரித்தாயிற்றா? உங்களுக்குத்தான் இந்த வியாதி கிடையாதே. ஒன்றே ஒன்று: இத்தனை வருஷமாக உங்களுக்கென்றே தனியாகக் காய் எடுத்து வைக்கிறாரே உங்கள் ஆள், அவர் பேர் என்ன சொன்னீர்கள்?