மூன்று பாலிசியும் ஒரு மதிலும்

அந்த வியாழக்கிழமை காலை இச்சியே அன்யாகோராவின் முற்றத்தில் இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர்: இச்சியே, அவர் மனைவி அக்குடோ, தம்பி ஒபியோரா, மகள் சோமாதினா, கையில் குறிப்பேட்டுடன் வந்த ஒரு மனிதர். தானும் அங்கே இருந்ததாக ஒனிட்சா ஊரில் இன்று எவனாவது சொன்னால், அவன் அங்கே இருக்கவில்லை.

முதல் நாள் மாலை இச்சியே தம் காரைப் பின்னுக்கு எடுத்தபோது முன்மதில் விழுந்தது. வீட்டு வாயிலில் தொடங்கி, மதிலை ஒட்டியிருந்த அவருடைய உதிரிபாகக் கடைச் சுவர்வரை சரிந்துவிட்டது. சிவப்புத் தொப்பி அணியும் 'இச்சியே' பட்டக்காரர் எதற்காகவும் பின்னால் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது இச்சியேயின் கொள்கை. காரைப் பின்னுக்கு எடுக்கும்போதும் அவர் அதைத் தளர்த்தியதில்லை.

சனிக்கிழமை சோமாதினாவைப் பெண் கேட்டு மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. அதற்குள் மதில் எழும்பியாக வேண்டும். இடிந்த மதிலைத் தாண்டிச் சம்பந்தி உள்ளே வந்தார் என்ற பேச்சு அந்தக் குடும்பத்தில் இதுவரை கிடையாது. வீட்டுக்கு ஒன்று, காருக்கு ஒன்று, கடைக்கு ஒன்று என மூன்று பாலிசிகள் இருந்தன. இன்ஷூரன்ஸ் அலுவலகத்துக்கு உடனே போன் போட்டு, காலையில் ஆளனுப்பச் சொல்லியிருந்தார் இச்சியே.

ஆள் வந்தார். மதிலருகே நின்று குனிந்து பார்த்தார். குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். பிறகு உள்ளே வந்து வணங்கி உட்கார்ந்தார்.

வந்தவருக்குக் கோலாக் கொட்டை உடைத்துக் கொடுக்கும் முன் "நீங்கள் யார், என்ன காரியம்?" என்று கேட்பது மரியாதை இல்லை. வந்தவரும் தாமாகச் சொல்லமாட்டார்.

"அக்குடோ, கோலா எடுத்துட்டு வா."

அக்குடோ அவர் காதருகே குனிந்தாள். "சனிக்கிழமைக்கு வச்ச நாலுதாங்க இருக்கு."

"அது சம்பந்திக்கு. ஆபீஸ்காரனுக்குப் போயி அதை உடைப்பாங்களா? பக்கத்து வீட்டுல கேளு," என்றார் அவரும் தணிந்த குரலில்.

அக்குடோ கொல்லைப்புறமாகப் போனாள். பக்கத்து வீட்டில் கோலாவும் உண்டு, பேச்சும் உண்டு. திரும்ப நேரமாகும்.

வந்தவரிடம் காரியம் கேட்கத்தான் கூடாது. நம் காரியத்தை நாம் சொல்லலாம் என்று இச்சியே முடிவு செய்தார்.

"மதிலைப் பாத்திருப்பீங்க. என் கார்தான் இடிச்சது. மறைக்க ஒண்ணுமில்ல."

"உங்க மதிலை உங்க காரேவா?" என்றார் வந்தவர், வியப்போடு.

பின்னால் பாலிசித் தாள்களுடன் நின்ற சோமாதினா கிசுகிசுத்தாள். "அப்பா, கார் பாலிசி மூன்றாம் தரப்புக்கு மட்டும்தான். நம்ம கார் அடுத்தவங்க சொத்தை இடிச்சாத்தான் பணம். சொந்த மதிலுக்குக் கிடையாது."

இச்சியே தொண்டையைச் செருமினார். "என் மதில்னு யார் சொன்னா? இந்த வீடே என் தம்பியோடது."

அக்காரா வடை தின்றுகொண்டிருந்த ஒபியோரா துள்ளி எழுந்தான். "அப்பா செத்ததுலேருந்து பதினெட்டு வருஷமா நான் இதைத்தான் சொல்லிட்டிருக்கேன்! எழுதிக்கங்க ஐயா. பெரிய எழுத்துல எழுதுங்க!"

வந்தவர் எழுதினார்.

"அப்பா, ஒரே குடும்பமா இருக்கறவங்களை மூன்றாம் தரப்புன்னு ஒத்துக்க மாட்டாங்களாம்."

"இவன் எங்க குடும்பமே இல்லீங்க," என்றார் இச்சியே. "தள்ளி வச்சு அஞ்சு வருஷம் ஆச்சு. பேச்சுவார்த்தையே கிடையாது."

"அண்ணே, அந்த மிளகாய்த்தூளை இப்படித் தள்ளு," என்றான் ஒபியோரா.

இச்சியே தள்ளினார். வந்தவர் பார்ப்பதைக் கண்டு, "பேசாமத்தானே குடுத்தேன்," என்றார்.

"தள்ளி வச்ச தம்பியோட வீட்டுலயா நீங்க குடியிருக்கீங்க?" என்றார் வந்தவர்.

சோமாதினா அவசரமாக அடுத்த பாலிசியைப் புரட்டினாள். "வீட்டு பாலிசி இருக்குப்பா. வண்டி மோதி மதில் விழுந்தா பணம் உண்டு. ஆனா ஓட்டினது வீட்டு ஆளா இருக்கக் கூடாது."

"காரை நான் ஓட்டவே இல்ல," என்றார் இச்சியே உடனே. "திருடன் ஓட்டினான்."

"ஐயோ, திருடனா! சாவி எங்க இருந்துச்சு?" என்றார் வந்தவர்.

"வண்டியிலயே..."

"அப்பா! சாவியை வண்டியில விட்டா நம்ம கவனக்குறைவு. பைசா தேறாது."

"வண்டியில இல்ல. என் தலைமாட்டுல."

வந்தவர் பேனாவை நிறுத்தினார். "படுக்கையறைக்கே வந்து எடுத்தானா?"

"வீட்டுக்குப் பழகின திருடன்."

"அடிக்கடி வர்றவரோ?"

"ஐயா, கடை பாலிசி ஒண்ணு பாக்கி இருக்குல்ல?" என்று ஒபியோரா வந்தவரிடமே நினைவூட்டினான். குடும்பத்திலிருந்து தள்ளி வைக்கப்பட்டதில் அவனுக்கு வருத்தம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

சோமாதினா படித்துவிட்டு நெற்றியில் கைவைத்தாள். "அப்பா, கடை மதிப்பைப் பாதிக்குப் பாதி குறைச்சு எழுதியிருக்கீங்க."

"குறைச்சு எழுதினாத்தானே குறைச்சுக் கட்டலாம்?"

"கட்டறது பாதின்னா கிடைக்கறதும் பாதி. உள்ள மதிப்பு அதிகம்னு தெரிஞ்சா, சேதத்துலயும் பாதிதான் குடுப்பாங்க."

இச்சியேயின் கடையில் கூரை முட்டச் சரக்கு. ஒனிட்சாவிலிருந்து எனுகுவரை அவரிடம் வாங்காத பட்டறை இல்லை. அந்தக் கடையைப் பார்த்தபடி அவர் சொன்னார்:

"உள்ள சரக்கே இல்லீங்க. அடுக்கி வச்சிருக்கறது எல்லாம் காலிப் பெட்டி. வர்றவங்க கண்ணுக்காக."

வந்தவர் பேனாவைக் கீழே வைத்தார். கொஞ்சம் யோசித்து மறுபடி எடுத்தார்.

"இன்னும் ஒண்ணுப்பா," சோமாதினாவின் குரல் கிட்டத்தட்ட அழுகையாகிவிட்டது. "எந்தச் சேதமா இருந்தாலும் முதல் பங்கு நம்ம கையிலேருந்து போடணும். அதுக்கு மேலதான் அவங்க தருவாங்க."

"போடறதுக்கு எங்ககிட்ட என்னங்க இருக்கு?" என்றார் இச்சியே வந்தவரைப் பார்த்து. "இந்தத் தொப்பி ஒண்ணுதான். அதுவும் ஓரம் பிரிஞ்சு போச்சு."

இதைச் சொன்னபோதும் அவர் முதுகு நேராகத்தான் இருந்தது. அதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அந்த நேரத்தில் அக்குடோ கோலாவோடு வந்தாள். இச்சியே அதைக் கையில் ஏந்தி, முன்னோரை அழைத்து, வாழ்வையும் பிள்ளைகளையும் வேண்டி, உடைத்துப் பங்கிட்டார். வந்தவர் தம் துண்டை மென்று விழுங்கிவிட்டு எழுந்து நின்றார்.

"இனிமே வந்த காரியத்தைச் சொல்லலாம். என் பேர் எசேனாகு. மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். பொண்ணு கேக்க வர்றதுக்கு முன்னாடி உங்க குடும்பம் எப்படின்னு அக்கம்பக்கத்துல விசாரிச்சுட்டு வரச் சொன்னாங்க. மதில் விழுந்து கிடக்கே, யாருக்கும் அடி கிடி பட்டிருக்குமோன்னுதான் உள்ள வந்தேன்."

அவர் குறிப்பேட்டை மூடினார்.

"அக்கம்பக்கத்துல கேக்கறதுக்கு இனி ஒண்ணுமில்ல."

அக்குடோ தட்டோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இச்சியே கண்ணை மூடிக்கொண்டார். ஒபியோரா அடுத்த வடையை எடுத்தான்.

வாயில்வரை போன எசேனாகு நின்றார். "பயப்படாதீங்க, சனிக்கிழமை வருவோம். பத்திரத்தை ஒரு வரி விடாமப் படிச்சுப் புரிஞ்சுக்கற பொண்ணு. எங்க வீட்டுல எல்லாரும் படிக்காமக் கையெழுத்துப் போடற கூட்டம். அவ எங்களுக்கு வேணும். ஒரே ஒரு சந்தேகம்தான், இச்சியே. நாங்க வர வேண்டியது உங்க வீட்டுக்கா, உங்க தம்பி வீட்டுக்கா?"

ஒபியோரா கையைத் தூக்கினான். அக்குடோ அதைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

இச்சியே அன்யாகோரா இன்ஷூரன்ஸ்காரரிடம் அடுக்கடுக்காகப் பொய் சொன்னார் என்று ஒனிட்சாவில் ஒரு பேச்சு உலவுகிறது. அது தவறு. இன்ஷூரன்ஸ்காரர் இன்றுவரை வரவேயில்லை.