அப்பா கொண்டுவந்த ஆற்றுத் தண்ணீர்

மீன் என்றால் எனக்குக் குழம்பு, இல்லாவிட்டால் வறுவல். ஏரலில் ஆற்றங்கரையிலேயே வளர்ந்தும், மீனைப் பற்றி எனக்கிருந்த மொத்த அறிவும் இவ்வளவுதான் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். (புளி எவ்வளவு கரைக்க வேண்டும் என்பதும் தெரியும்.)

கல்யாணமாகிப் பேட்டைக்கு வந்தால், கூடத்தில் டிவி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே அழகுக்கு வளர்க்கிற பொடி மீன்கள்: பத்துக் கப்பி, ஆறு நியான், கறுப்பாக ஒரு சின்ன மோலி. என் வீட்டுக்காரர் லேத் பட்டறை வைத்திருப்பவர். பேச்சு ரொம்பக் குறைவு. அந்த மோலியிடம் மட்டும் நின்று பேசுவார். எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

இரண்டாம் மாதமே, புது மிஷின் பழக அவர் ஒரு வாரம் கோயம்புத்தூர் போக வேண்டி வந்தது.

"ரெண்டு வேளை ஒரு சிட்டிகை தீனி, அதுக்கு மேல போடாத. தண்ணிய முழுசா மாத்தாத. கால்வாசி எடுத்துட்டு, வாளியில ஒருநாள் வச்ச தண்ணிய ஊத்து. மோலிக்கு வயிறு பெருத்திருக்கு, குட்டி போடுதான்னு பாத்துக்கோ. ஒன்ன நம்பித்தான் போறேன் செல்வி."

என்னிடம் அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. மோலியைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டால் இந்த மனுஷர் என்னிடமும் பேச ஆரம்பித்துவிடுவார் என்று நம்பினேன்.

அதோடு, மீன் குட்டி போடுமா? முட்டைதானே போடும்? அதைப் பார்த்தே தீருவது என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். பார்க்கப் பார்க்க ஒரு கவலை வந்தது. பேட்டை வீட்டில் போர் தண்ணீர், ஒரே உப்பு. பருப்பே வேகாத தண்ணீரில் பிள்ளைத்தாய்ச்சி மீன் எப்படிப் பிழைக்கும்? உலகத்திலேயே நல்ல தண்ணீர் எங்கள் ஊர் ஆற்றுத் தண்ணீர்தான் என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் கிடையாது. அப்பாவுக்கு போன் போட்டேன்.

மறுநாளே ஒரு கேன் ஆற்றுத் தண்ணீரோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். தொட்டியில் ஊற்றும்போது தண்ணீரோடு முக்கால் சாண் நீளத்துக்கு ஒரு மீனும் வழுக்கி விழுந்தது.

"என்னப்பா இது?"

"சம்மந்தி வீட்டுக்கு வெறுந்தண்ணிய எப்படிம்மா கொண்டார? ஒரு மீனப் பிடிச்சுப் போட்டேன். வெரசா வளரும்."

பிறந்த வீட்டிலிருந்து வெறும் பாத்திரம் வரக்கூடாது, உள்ளே பிடி அரிசியாவது இருக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

மறுநாள் நியான் நான்கு. அதற்கு மறுநாள் ஒன்றுகூட இல்லை. கப்பி பத்து, ஆறாகி, மூன்றாகியது. துள்ளி வெளியே விழுந்திருக்கும் என்று டார்ச்சோடு கட்டிலுக்கடியில் தவழ்ந்தேன். பல்லியைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் மாமியாரையே சந்தேகப்பட்டேன்.

"அத்தை, செத்த மீன எடுத்து எங்க போட்டீய?"

"நான் எதுக்குளா மீன எடுக்கேன்?" அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உக்காரு. ரெண்டு பேருமா பாப்போம்."

வெங்காயம் உரித்தபடி தொட்டி முன்னால் உட்கார்ந்தோம். அப்பாவின் மீன் மூலையில் ஆடாமல் அசையாமல் நின்றது. மோலி அதன் முன்னால் மெல்ல நகர்ந்து போனது. அவ்வளவுதான். ஒரு பாய்ச்சல், அந்த வாயில் கறுப்பு வால் மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

"இது விரால்லா. ஏரல்காரிக்கு விரால் தெரியலியா?"

"குழம்புல பாத்தா தெரியும் அத்தை" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதேன். அப்பாவுக்கு போன் போட்டால், "தொட்டி வச்சிருக்கியன்னதும், கொழம்புக்கு வளக்கியன்னுல்லா நெனச்சேன்" என்கிறார்.

வாரக் கடைசியில் வீட்டுக்காரர் வந்தார். மிச்ச மூன்று கப்பியையும் தீர்த்துவிட்டு, தொட்டியில் விரால் மட்டும் கொழுகொழுவென்று நின்றது. நான் ஒன்றையும் மறைக்காமல் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். தொட்டி முன்னால் குனிந்து விராலைப் பார்த்தார்.

"மோலிக்கு உப்புத் தண்ணி ஒண்ணும் பண்ணாது" என்றார். பிறகு பைய என் பக்கம் திரும்பி, "அது எப்படிப் பாஞ்சிச்சி? நேராவா, பக்கவாட்டுலயா?" என்று கேட்டார்.

கையை வைத்துக் காட்டினேன். இன்னும் கேட்டார். சாப்பாட்டுக்கு அத்தை மூன்று தடவை கூப்பிடும் வரை பேசிக்கொண்டே இருந்தோம். மறுநாள் இருவருமாகப் போய் விராலை ஆற்றில் விட்டோம்.

அப்பா இன்னமும் வெறுங்கையோடு வருவதில்லை. எங்கள் மகள் பிறந்தபோது பெரிய தூக்குச்சட்டியோடு வந்து நின்றார். வீடு நிறையச் சொந்தக்காரர்கள். அத்தை வாசலிலேயே மறித்து, மூடியில் கை வைத்து, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்:

"சம்மந்தி, பிள்ள இருக்க வீடு. உள்ள இருக்கத நாமதான திங்கணும், அது நம்மளத் திங்காதுல்லா?"