பேர் வெட்டிய சைலன்சர்

சேலையூர்,
செவ்வாய்க்கிழமை மாலை

பாசமுள்ள மச்சான் தனசிங்குக்கு, அத்தான் அசரியா எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய தயவால் இங்கே நானும் உன் அக்கா ஞானஜோதியும் மகள் ஈவ்லினும் உடம்பளவில் சுகம். மனசளவில் சொல்வதற்கில்லை. நாகர்கோவில் கல்யாணம் நல்லபடியாக முடிந்து நீயும் ஜென்சியும் களைப்பில்லாமல் திரும்பியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை உன் பள்ளிக்கரணை வீட்டுக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போகிறேன். உன் மினி லாரியின் சாவியைத் தொடுவதற்கு முன் கடைசி வரி வரைக்கும் படித்துவிடு. போனிலேயே சொல்லலாம் என்று மூன்று தடவை எடுத்தேன், வாய் வரவில்லை.

ஈவ்லின் சிறுசேரி வேலையை விட்டுவிட்டு, உன் வண்டி மாதிரியே ஒரு மினி லாரி வாங்கி, அதில் அடுப்பு வைத்து, பழைய ஆபீஸ் வாசலிலேயே மதியச் சாப்பாடு விற்பது உனக்குத் தெரியும். அந்த வண்டியின் புகைக்குழாய் சாப்பிடுகிறவர்களின் முழங்காலுக்குச் சரியாகப் பக்கத்தில் முடிவது உனக்குத் தெரியாது. "அப்பா, ரசத்துல டீசல் வாசனை வருதுன்னு ஒருத்தன் ரிவ்யூ போட்டுட்டான்" என்று ஒருநாள் அழுதுகொண்டே வந்தாள். பெற்ற மனசு கேட்குமா? நீ சிபாரிசு செய்த மெக்கானிக் அந்தோணிசாமியிடம் போனோம். அவர் கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டுக் குழாயைக் கூரைக்கு மேலே புகைபோக்கி மாதிரி ஏற்றிவிட்டார். புகை போயிற்று, சத்தம் வந்தது. எப்பேர்ப்பட்ட சத்தம்! வண்டலூரைத் தாண்டும்போது மிருகக்காட்சிசாலைக்குள்ளிருந்து ஒரு சிங்கம் பதில் குரல் கொடுத்ததாக ஈவ்லின் சொல்கிறாள். சிங்கம்தானா என்று நான் உறுதி சொல்ல மாட்டேன், ஆனால் ஏதோ ஒன்று கொடுத்திருக்கிறது.

கழற்றிய சைலன்சர் அந்தோணிசாமியின் ஷெட்டிலேயே இருக்கட்டும், எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்காக ஆர்.டி.ஓ. மைதானத்தில் வண்டியைக் காட்டுகிற அன்றைக்கு மட்டும் மாட்டிக்கொண்டால் போதும் என்று ஏற்பாடு. எனக்கு அதைப் பேர் இல்லாமல் அங்கே விட மனசில்லை. நம் வீட்டில் டிபன் கேரியரிலிருந்து குடை வரைக்கும் பேர் போடாத பொருள் கிடையாது, நம் சபையில் நான்கு மின்விசிறியிலும் என் பேர் சுற்றுகிறது. ஆகவே சைலன்சரைத் தாம்பரம் மார்க்கெட் பாத்திரக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பேர் வெட்டச் சொன்னேன். அந்த ஆள் கைப்பழக்கத்தில் 'அன்பளிப்பு: அசரியா – ஞானஜோதி, சேலையூர்' என்று வெட்டிவிட்டார். அன்றைக்கு நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அத்தான், சைலன்சருக்குப் பேர் வெட்டுற ஆளை இப்பதான் பாக்குறேன்" என்று சிரித்தாய். சிரி, சிரி.

போன வெள்ளிக்கிழமைதான் எஃப்.சி. நாள். சான்று இந்த வாரம் புதன்கிழமைக்குள் கிடைக்காவிட்டால், சிறுசேரிக் கம்பெனி ஒன்று வியாழன் முதல் தினமும் இருநூறு பேருக்குத் தருவதாகச் சொன்ன சாப்பாட்டு ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விடும். பிள்ளை ஒரு வருஷம் நாயாய் அலைந்து வாங்கிய ஆர்டர். காலையில் ஷெட்டுக்குப் போனால் சைலன்சரைக் காணோம். "நம்ம சைலன்சர் எங்கேப்பா?" என்றேன். அந்தோணிசாமி கூலாக, "இன்னா சார் பேஜார் பண்றே? கோழி வண்டியில எஃப்.சி.க்குப் போயிகீது. அங்கயே கழட்டி நம்ம வண்டில மாட்டிக்கலாம், வா" என்கிறார்! மைதானத்து மூலையில் வைத்து, சூடு ஆறாத சைலன்சரைக் கோழி இறகோடு கழற்றி எங்கள் வண்டியில் மாட்டினார்கள். முப்பத்திரண்டு வருஷம் இயற்பியல் வாத்தியாராக இருந்து, பரீட்சை ஹாலில் சட்டைக் கைக்குள்ளிருந்து பிட்டு உருவிய இந்தக் கை, அந்த இறகைத் துடைத்தது.

பிரேக் இன்ஸ்பெக்டர் ஒரு அம்மா. குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். பிறகு வரிசையில் நின்ற எல்லா வண்டிக்காரர்களும் கேட்கும்படி, "யாருங்க இந்த அசரியா – ஞானஜோதி? மூணு மாசமா பார்க்கிறேன். தண்ணி கேன் வண்டி, காய்கறி வண்டி, இப்ப அரை மணி முன்னாடி கோழி வண்டி, எல்லாத்துக்கும் இவங்களே சைலன்சர் அன்பளிப்பு குடுத்திருக்காங்க. இவ்ளோ பெரிய மனசு யாருக்கு?" என்று கேட்டார்.

ஈவ்லின் என் முழங்கையைக் கிள்ளினாள். "அப்பா, ப்ளீஸ், வாயைத் திறக்காதீங்க" என்றாள். என்னால் முடியவில்லை. "நான்தான் மேடம் அசரியா" என்று ஆரம்பித்து, ரசம், ரிவ்யூ, புகைபோக்கி, சிங்கம், கோழி இறகு என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிட்டேன். அந்தோணிசாமி எப்போது மறைந்தார் என்றே தெரியவில்லை. அந்த அம்மா வண்டியை ஃபெயில் செய்து, சைலன்சரைக் கழற்றித் தன் மேசைக்கடியில் வைத்துக்கொண்டு, "உங்க நேர்மைக்காக ஒரு சான்ஸ் தர்றேன் சார். செவ்வாய்க்கிழமை உங்க வண்டிக்குன்னே ஒரு சைலன்சரோட வாங்க" என்றார். வெளியே வந்ததும் ஈவ்லின் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "உங்களுக்கு உங்க பேர் முக்கியமா, நான் முக்கியமா?" சனிக்கிழமை முழுக்க தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று கடை கடையாக ஏறி இறங்கினோம். புதுச் சைலன்சர் வர பத்து நாள் ஆகும் என்று எல்லோரும் கைவிரித்துவிட்டார்கள். பிள்ளை அன்றிலிருந்து என்னோடு பேசவும் இல்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டில் மீன் குழம்பு சாப்பிட்டபோது இதையெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். நீங்கள் ரயிலுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தீர்கள், கேட் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு ஓடினீர்கள். ஆனாலும் ஆண்டவர் ஒரு வழி காட்டினார். இன்று காலை வண்டி பாஸ்! ஈவ்லின் என்னைக் கட்டிக்கொண்டாள். இதிலிருந்து நான் உனக்குச் சொல்ல விரும்புவது இதுதான் மச்சான்: அடுத்தவர் பொருளை மாட்டிக்கொண்டு பரீட்சை எழுதுவதைப் போல அவமானம் வேறில்லை. அந்த அந்தோணிசாமியின் சங்காத்தமே இனி உனக்கும் வேண்டாம்.

ஜென்சிக்கு எங்கள் அன்பைச் சொல். உங்கள் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக.

இப்படிக்கு,
உன் அத்தான்
அசரியா

பின்குறிப்பு: நீ சொன்னபடி குரோட்டன்ஸ் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று. அதற்காகத் திங்கட்கிழமை வந்தபோது அந்தோணிசாமியும் கூட வந்திருந்தார். அரை மணி நேர வேலைதான். அந்த அம்மா, "இது யாரோட சைலன்சர் சார்?" என்று கேட்டபோது, "எங்க குடும்பத்தோடதுதான் மேடம்" என்றேன், அதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. வெள்ளிக்கிழமைக்குள் திருப்பி மாட்டிவிடுகிறோம். அதுவரை வண்டியை எடுக்காதே, எடுத்தே ஆகவேண்டுமானால் வண்டலூர் பக்கம் மட்டும் போகாதே. நல்லவேளை மச்சான், நீ எதிலும் பேர் வெட்டி வைக்கிற ஆள் இல்லை.